பாஸ் செய்த தப்பு

புளியங்கொட்டையை வறுத்து, ஊறப்போட்டு, தோலை நீக்கி, அம்மியில் அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது வருகிற வாசத்தை யாரும் நல்ல வாசம் என்று சொல்லமாட்டார்கள். கொஞ்சம் கருகல், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பழங்கஞ்சி. பக்கத்திலேயே ஒரு வாளியில் சாம்பல் தண்ணீருக்குள் நான்கு நாளாக ஊறிக்கொண்டிருந்த கன்றுத்தோலின் நாற்றமும் அதோடு சேர்ந்துகொண்டதால், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து திரும்பும் பெண்கள் எங்கள் லயத்தின் கோடியைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "பாஸ் வீட்டுல என்னத்தத்தான் காய்ச்சுறாங்களோ" என்று சொல்லிப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் அந்த நாற்றம் பிடித்திருந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தக் கூழைக் கிண்டுகிற கரண்டி என் கையில் இருந்தது. அதைவிடப் பெரிய பதவி ஒன்று உலகத்தில் உண்டென்று நான் நினைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தச்சரையும் கொத்தரையும் "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். சிங்களத்திலிருந்து வந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல் அது. டயகம பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஃபெக்டரியில் அப்பா தச்சு வேலை செய்தார். அவருக்குத் தங்கவேலு என்று ஒரு பெயர் இருந்தது சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லாருக்கும் அவர் பாஸ், நான் பாஸ் மகள். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குக் கோடிக் காம்பரா, கடைசி அறை, கிடைத்திருந்ததால் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளையும் தகரத்தையும் வைத்து அப்பா ஒரு கொட்டகை போட்டிருந்தார். ஓய்வு நாட்களில் யாருக்காவது ஸ்டூல், யாருக்காவது சாமிப் பலகை, யாருக்காவது தொட்டில் கட்டை என்று அதற்குள் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும்.

அந்த வருஷம் மாசி மாதக் காமன் கூத்துக்குப் புதுத் தப்பு ஒன்று வேண்டும் என்று தோட்டத்துத் தலைவர் அப்பாவிடம் வந்து கேட்டார். தப்பு என்பது ஒரு முழம் அகலத்துக்கு வட்டமான மரச்சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல். எங்கள் தோட்டங்களில் கல்யாணத்துக்கும் சாமிக்கும் சாவுக்கும் அதுதான் பேசும். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களை எழுப்பி, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு அழைத்ததும் அதுதான். முந்தின வருஷம் இரவல் வாங்கிவந்த தப்பு மழையில் நனைந்து, ஈரச் சாக்கில் அடித்த மாதிரி சத்தம் போட்டதால், கூத்தில் மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கிறது என்பதே பக்கத்து டிவிஷனுக்குத் தெரியாமல் போய்விட்டதாம். "ஆத்தத் தாண்டிக் கேக்கணும் பாஸ், அவ்வளவுதான்" என்றார் தலைவர். தோலைத் தொடுகிற வேலை நமக்கெதற்கு என்று அம்மா முனகினாள். அதற்கு அப்பா, "எலிக்கூடு செய்யுறப்ப மட்டும் எலியத் தொடலாமா" என்று கேட்டார். அது என்ன நியாயமோ, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒப்புக்கொண்ட மறு கிழமையே ஃபெக்டரியில் ஒரு கனத்த பலகை அப்பாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வேலை செய்யக்கூடாது என்று சீட்டெழுதிக் கொடுத்தார்கள். அப்படித்தான் அந்தத் தப்பு என் கைக்கு வந்தது. பொல்பிட்டியவில் அப்பாவின் சிநேகிதரான ஒரு சிங்களத் தச்சர் பஸ்ஸில் போட்டு அனுப்பிய பலாமரத் துண்டுகள் மூன்றையும் அப்பா கரிக்கோடு போட்டுக் காட்ட, நான்தான் அறுத்தேன். இடது கையால் அவர் பிடித்துக்கொள்ள, நான்தான் உளியை அடித்தேன். மூன்றும் மூன்று பிறைகள் மாதிரி வரவேண்டும், சேர்த்தால் நூல் இடைவெளி இல்லாமல் வட்டமாக வேண்டும். இரண்டாவது துண்டை நான் கெடுத்துவிட்டேன். அப்பா திட்டவில்லை, வேறு துண்டு கேட்டுப் பொல்பிட்டியவுக்குக் கடிதம் போட்டார். உட்பக்கத்தை அரத்தால் ராவி ராவி என் உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்துப்போனது. பள்ளிக்கூடத்தில் பேனா பிடிக்க முடியாமல் டீச்சரிடம் ஏச்சு வாங்கியபோதும் காரணத்தைச் சொல்லவில்லை, அவ்வளவு பெருமை.

தோலை மயிர் போகச் சுரண்டி, சட்டத்தின் விளிம்பில் அந்தப் புளியங்கொட்டைப் பசையைத் தடவி, இழுத்து ஒட்டிக் கயிற்றால் கட்டினோம். இனி வெயிலில் காயவேண்டும். தை மாதத்து டயகமவில் வெயிலுக்கு எங்கே போவது? பத்து மணிக்கு முகம் காட்டி, பதினொரு மணிக்கு மூடுபனிக்குள் போய்விடுகிற வெயில் அது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, அப்பா அதைச் சாக்கில் சுற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோய், தூள் காய வைக்கும் அடுப்புக்குப் பின்னால், தெரிந்தவர் ஒருவரின் தயவில் ஒளித்து வைத்தார். மூன்றாம் நாள் டீமேக்கர் ஐயா தேயிலையை மோந்து பார்த்து, "என்னமோ கவிச்சி அடிக்குதே" என்றாராம். அன்று மாலையே தப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்குள் தோல் விறைத்து, விரலால் சுண்டினால் டிண் என்றது.

அப்பா அதைக் காதோரம் வைத்துச் சுண்டிச் சுண்டிக் கேட்டார். பிறகு என்னிடம் நீட்டினார். "இந்தத் தப்பு ஒன்னோடது தாயி. காமன் பொட்டல்ல சனத்துக்கு முன்னால மொத அடிய நீதான் அடிக்கணும். எம்மவ செஞ்சதுன்னு நான் சொல்லுவேன்" என்றார். பெண் பிள்ளை தப்பெடுத்து அடித்ததை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்பா சொன்னார், அதனால் நடக்கும் என்று நம்பினேன். ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரியும். கீழ் லயத்து மாரிமுத்து அண்ணன் கோயிலிலும் சாவு வீட்டிலும் அடிப்பதைக் கேட்டுக் கேட்டு, ஒரு பிஸ்கட் டின்னில் நானாகவே பழகியிருந்தேன்.

அது ஒரு சனிக்கிழமை. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தோட்டத்தில் வேலை இருந்தது. அம்மா உட்பட எல்லாப் பெண்களும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கவேண்டும், நீ கொட்டகை வாசலில் நின்று அடி, நான் கீழே பாலத்தடியில் நின்று கேட்கிறேன் என்றார் அப்பா. "எந்த அடிப்பா அடிக்க?" என்று கேட்டேன்.

"சாவு அடி அடி. சாமி அடி நெருக்கமா விழும், ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிரும். சாவு அடிதான் எடம் விட்டு விழுறது. அதுலதான் தோலு என்னா பேசுதுன்னு தெரியும்."

"மலையில கேட்டா யாராச்சும் நெனச்சுக்க மாட்டாங்களாப்பா?"

"காத்து கீழ்முகமா அடிக்குது, மலைக்கு ஏறாது. நான் துண்டத் தூக்குனா பலமா அடி, எறக்குனா நிப்பாட்டு."

மலையகத்தார் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகலில் சாவு அடி கேட்டால் மலையில் நிற்கிற சனம் கேள்வி கேட்காது. கூடையோடு அப்படியே இறங்கிவிடும். அதுவும் அந்தக் கிழமை மேட்டு லயத்தில் வீரமுத்துத் தாத்தா இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தார். இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனால் புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவனின் காதுக்கு வேறெதுவும் எட்டாது போலிருக்கிறது.

நான் சுள்ளி மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டு அடித்தேன். அப்படி ஒரு சத்தத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு அடியும் போய், எதிர்மலையில் பட்டு, திரும்பி வந்த பிறகுதான் அடுத்த அடி விழுந்தது. கீழே பாலத்தடியில் அப்பாவின் வெள்ளைத் துண்டு உயர்ந்தது, பலமாக அடித்தேன். துண்டு உயர்ந்தபடியே நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒன்றைச் செய்ததில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது, ஏனென்றால் அதே நேரம் மேலே ஒரு பெண் தன் அப்பனுக்காகத் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள்.

அவள் பாக்கியம் அக்கா, வீரமுத்துத் தாத்தாவின் மகள். அவளுக்குப் பின்னால் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் கூடையுமாக மலை முழுதும் இறங்கி வந்தது. ஒப்பாரிச் சத்தம் கேட்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே சனம் தெரிந்தது. திரும்பிக் கீழே பார்த்தேன், பாலத்தடியில் துண்டும் இல்லை, அப்பாவும் இல்லை.

பாக்கியம் அக்கா வடிகானைத் தாண்டும்போது விழுந்து கால் முறித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனால், வீரமுத்துத் தாத்தா இஸ்தோப்புத் திண்ணையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, மருமகள் கொடுத்த தேயிலைச் சாயத் தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாராம். ஒப்பாரி வைத்து வந்தவர்களைப் பார்த்து, "யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டாராம். யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் அரைநாள் சம்பளம் போயிற்று, ஒருத்திக்குக் கால் போயிற்று.

மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் வந்துவிட்டார், தலைவரும் வந்துவிட்டார். தப்பு என் கையிலேயே இருந்தது, அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் அப்பா வந்தார். பாலத்தடியிலிருந்து நேராக வரவில்லை. ஃபெக்டரிப் பாதையைச் சுற்றிக்கொண்டு, சாவுச் சத்தம் கேட்டு ஓடிவந்த மற்ற ஆம்பளைகளோடு ஒருவராக, மூச்சு வாங்க வந்தார். எனக்கு உயிர் வந்தது. அப்பா சொல்லிவிடுவார், தீர்ந்தது என்று நினைத்தேன்.

"இந்தத் தப்பு யாருது பாஸ்?" என்று கண்டாக்கு ஐயா கேட்டார்.

"தப்பு இந்தப் புள்ளயோடதுதாங்க ஐயா" என்றார் அப்பா. "நான் பாலத்தடிக்குப் போயிருந்தேன். நான் இல்லாத நேரம் பாத்து வெளாட்டுத்தனமா எடுத்து அடிச்சிருச்சு."

தப்பு என்னுடையது என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்; ஊருக்கு முன்னால் சொல்வேன் என்றும் சொல்லியிருந்தார். இரண்டையும் நிறைவேற்றிவிட்டார். பிறகு கூட்டத்துக்குச் சந்தேகம் வராதபடிக்கு என்னை அடித்தார். வலது கை கட்டில் இருந்ததால் இடது கையால் அடித்தார். பழக்கமில்லாத கை, கன்னத்தில் விழவேண்டியது காதிலும் கழுத்திலும் விழுந்தது. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வேல" என்று கேட்டார். அதைக் கேட்டபோதுதான் அழுதேன்.

நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்பது பன்னிரண்டு வயதிலும் தெரியும். வேலை செய்ய முடியாது என்று சீட்டு வாங்கி வீட்டிலிருந்த ஆள், வீட்டில் தப்புச் செய்து, அதை ஃபெக்டரி அடுப்பில் காயவைத்து, சாவு அடி அடிக்கச் சொல்லி மலையையே இறக்கினார் என்றால் அவர் வேலை நிலைக்காது. வேலை போனால் காம்பராவும் போகும். அன்று பொழுது சாய்ந்ததும் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் காதுக்குப் பின்னால் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "சபையில ஆம்பள சொன்னதுதான்டி பேச்சு. ஒனக்குத் தழும்பு ஆறிப்போகும், அவருக்கு வேல போனா திரும்பி வராது" என்றாள். அவள் சொன்னது சரிதான். இன்றும் அதை மறுக்கமாட்டேன். என் வருத்தம் வேறு. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஃபெக்டரிப் பாதையைச் சுற்றாமல் நேராக என்னிடம் வந்து, "தாயி, நீ ஏத்துக்க" என்று கண்ணைக் காட்டியிருந்தால், நானே கூட்டத்தின் நடுவில் போய் நின்று நான்தான் அடித்தேன், அப்பாவுக்குத் தெரியாது என்று சத்தியம் செய்திருப்பேன். அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு சிறுபிள்ளைக் கதையாகப் போயிருக்கும். பதினோராம் நாள் வீரமுத்துத் தாத்தா உண்மையிலேயே செத்துப்போனார். வயதாகி, நோயில் கிடந்து, எல்லாரும் எதிர்பார்த்த சாவு. ஆனால் "பாஸ் மக அடிச்சுக் கூப்புட்டா, எமன் தேதிய மட்டும் மாத்திக்கிட்டு வந்துட்டான்" என்று யார் வாயிலிருந்தோ வந்துவிட்டது. வந்த பேச்சுக்குக் கால் முளைக்கக் கேட்பானேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு நான் குடத்தோடு போனால் பிள்ளைத்தாய்ச்சிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் "சாவடி விமலா" ஆனது. கால் கட்டோடு படுத்திருந்த பாக்கியம் அக்காவைப் பார்க்க அம்மாவோடு போனேன். அவள் என்னை ஏசவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஏசியிருந்தால் தேவலை.

ஒரே ஒரு ஆள் வேறுமாதிரிப் பேசினார். தப்படிக்கிற மாரிமுத்து அண்ணன் ஒருநாள் பீலியடியில் என்னை நிறுத்தி, "வெளாட்டுக்கு அடிச்ச அடி இல்ல புள்ள அது. எடம் விட்டு, எதிரொலி வாங்கி விழுந்துச்சு. யாரோ தூரத்துல நின்னு கேக்குறாங்கன்னு தெரிஞ்சு அடிச்ச அடி" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கெதுக்கு" என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன்.

மாசியில் காமன் கூத்து நடந்தது. அந்தத் தப்பை மாரிமுத்து அண்ணன் அடித்தார். ஆற்றைத் தாண்டி மட்டுமல்ல, அடுத்த தோட்டத்துக்கும் கேட்டதாம். தலைவர் அப்பாவைப் பொட்டலுக்கு நடுவில் கூப்பிட்டு மாலை போட்டு, தலையில் துண்டு கட்டி, "இது நம்ம பாஸ் செஞ்ச தப்பு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சனம் கைதட்டியது. பெண்களுக்குப் பின்னால், அம்மாவின் சேலையை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அந்த வாக்கியம் வேறுமாதிரிக் கேட்டது. அப்பா கும்பிட்டபடி கூட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார், நான் இருந்த பக்கம் வந்தபோது பார்வையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். அதற்கப்புறம் கொத்மலைப் பக்கத்திலிருந்துகூட அவரிடம் தப்புச் செய்யச் சொல்லிக் கேட்டு வந்தார்கள். அரம் ராவ என்னைக் கூப்பிட்டார், மறுத்துவிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவும் இல்லை.

பெயர் லேசில் கழன்றுவிடவில்லை. இருபத்திரண்டாம் வயதில் எங்கள் தோட்டத்திலேயே ஒரு சம்பந்தம் கூடி வந்து, மாப்பிள்ளையின் அத்தை, "அந்தச் சாவடிப் புள்ளையா" என்று கேட்டதில் கலைந்தது. அப்பாவும் அங்கேதான் இருந்தார். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஃபெக்டரியிலிருந்து விலகி இரண்டு வருஷமாகியிருந்தது, இனிப் பறிபோக வேலை எதுவும் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அட்டன் டவுனில், என் கதை எதுவும் தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துகிறேன். கொட்டகை இருந்த இடத்தில் யாருடைய புது வீடோ நிற்கிறது. லயத்தில் பாதியை இடித்துவிட்டார்கள், ஃபெக்டரியைப் பூட்டிப் பல வருஷமாகிறது. அந்தத் தப்பை எந்தத் தோட்டமோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை என்றார்கள். இவை போனதற்கெல்லாம் நான் கண்ணீர் விடவில்லை. அம்மா போய்விட்டாள்; மாரிமுத்து அண்ணன் கொழும்புக்கு மகனோடு போய் அங்கேயே காலமாகிவிட்டார். அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்று தெரிந்தவர்களில் அப்பாவும் நானும்தான் மிச்சம். அம்மாவுக்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது, கண்ணும் காதும் நல்ல தெளிவு, பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பார்.

போன மாதம் என் மகன் பள்ளிக்கூட விழாவுக்காகப் பிளாஸ்டிக் தோல் போட்ட தப்பு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பா அதை வாங்கிச் சுண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் ஒரு தப்பாடா? ஒங்கம்மா சின்னப் புள்ளயில ஒரு தப்ப எடுத்து அடிச்சா பாரு" என்று கதையை ஆரம்பித்தார். தான் இல்லாத நேரம் பார்த்து எடுத்தாள், விளையாட்டுக்குச் சாவு அடி அடித்தாள், மலையே இறங்கி வந்தது, கிழவர் சாயத் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லச் சொல்ல என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். கோயில் முன்னால் என்னை அடித்ததையும் அப்பா விடாமல் சொன்னார்.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். இருபத்தொன்பது வருஷம் கேட்காததைக் கேட்டேன். "அப்பா, நீங்கதான அடிக்கச் சொன்னீங்க? பாலத்தடியில துண்டத் தூக்கிக்கிட்டு நின்னீங்களே."

"நானா?" என்றார். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். மறைக்கிற ஆளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை. உண்மையாகவே தேடினார், உண்மையாகவே கிடைக்கவில்லை. ஊருக்காகச் சொன்னதைச் சொல்லிச் சொல்லியோ சொல்லாமல் வைத்திருந்தோ, எப்படியோ அதுதான் நடந்தது என்று அவருக்குள் ஆகிவிட்டிருந்தது. என்றைக்காவது ஒருநாள் ஒத்துக்கொள்வார் என்று நான் காத்திருந்த மனிதர் அங்கே இல்லை.

"நான் எதுக்கும்மா சாவு அடி அடிக்கச் சொல்லப்போறேன்" என்றார். பிறகு என் முகம் மாறியதைக் கவனித்து, வேறு ஏதோ என்று நினைத்துக்கொண்டு, கையை நீட்டி என் தலையைத் தடவினார். "இன்னும் அதப் போட்டு மனசுல வச்சிருக்கியா? விடு தாயி. சின்னப் புள்ளதான நீ, தெரியாம செஞ்ச. நான் ஒன்ன அன்னைக்கே மன்னிச்சிட்டேன்."

என் மகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிப்பா" என்றேன்.